பின்பக்க ஜன்னல்

இந்த ஊரில் ஆளுக்கு வீடில்லை, வீட்டுக்கு ஆளில்லை. பாலத்துக்குக் கீழே குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடப்பார்கள். அதே பாலத்தின் மேல் ஏறி நின்று பார்த்தால், கண்ணாடி உடைந்து, சுவரில் செடி முளைத்து, பூட்டின பூட்டு துருவேறி, மாடி மாடியாகக் கட்டடங்கள் சும்மா நிற்கும். ஒன்றில் அண்ணன் தம்பி வழக்கு. இன்னொன்றில் வாங்கினவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று அவன் வக்கீலுக்கே தெரியாது. இடிக்கவும் மாட்டார்கள், இருக்கவும் விடமாட்டார்கள். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத சொந்தக்காரனுக்கு, உள்ளே ஒரு ஏழை போய் முடங்கிவிட்டால் மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ! உடனே மாநகராட்சிக்குப் புகார் போகும். மாநகராட்சி ஆள் அனுப்பும். அவர்கள் வந்து வாசலைச் செங்கல் வைத்துக் கட்டி, ஜன்னலுக்கு இரும்புத் தகடு அடித்துவிட்டுப் போவார்கள்.

அப்படி அடைக்கப் போகிறவர்களில் ஒருத்திதான் சங்கு.

பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கொத்தனார், ஒரு வெல்டர், இவள், ஆக மூன்றே பேர். சூப்பர்வைசர் என்று ஒருவர் உண்டு. காலையில் எந்தக் கட்டடம் என்று போனில் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. சங்குக்கு அந்தப் பெயரை வைத்தது கொத்தனார். ஆலையில் ஷிப்ட் முடிந்தால் ஊதுமே, அந்தச் சங்கு. இவள் தெருமுனையில் நின்று ஒரு குரல் விட்டால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். "உன் புருஷன் பாவம். காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் தாலி கட்டியிருப்பான்" என்பார் கொத்தனார். "அவரு டெய்லரு. மெஷின் சத்தத்துல எதுவும் கேக்காது. அதான் குடும்பம் ஓடுது" என்பாள் இவள்.

அந்தக் குரலுக்காகத்தான் அவளுக்கு இந்த வேலை. அடைப்பதற்கு முன்னால் உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆம்பிளைக் குரல் கேட்டால் உள்ளே இருப்பவர்கள் போலீஸ் என்று பயந்து பதுங்குவார்கள். பொம்பிளைக் குரலுக்குத்தான் எழுந்து வருவார்கள். சங்கு மாடி மாடியாக ஏறி, "அடைக்கப் போறோம்ப்பா. யாராச்சும் இருந்தா கிளம்புங்க. மெதுவா கிளம்புங்க, அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே போவாள். பிறகு இறங்கி வந்து, மூன்று பேருமாக வாசல் படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்த நேரத்தில் பின்பக்க ஜன்னல் ஒன்று திறந்தே கிடக்கும். உள்ளே இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு அதன் வழியாக இறங்கிப் போவார்கள். சத்தம் கேட்கும். மூவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீடில்லாதவனுக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறதே, அதை முச்சந்தியில் நிறுத்தி வைத்து என்ன ஆகப்போகிறது? முன்வாசலை அடைத்து, பக்கத்து ஜன்னல்களை அடைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வெல்டர் பின்பக்க ஜன்னலுக்குத் தகடு எடுத்துப் போவான். இது எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. இவர்களாக வைத்துக்கொண்ட முறை.

இன்னொரு முறையும் உண்டு. உள்ளே இருப்பது யார் என்று தெரிந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஒருமுறை சங்கு தெரியாத்தனமாக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். புருஷன் வீட்டு ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, அந்தப் பெண் பரண்மேல் ஏறிப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பேர் சொன்னா, என்னைத்தான் பிடிக்க வந்துட்டாங்கன்னு பயப்படுவாங்கம்மா. எல்லாரையும் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டுப் போயிடணும்" என்றார் கொத்தனார். அன்றிலிருந்து அவள் யார் பெயரையும் வாயில் எடுத்ததில்லை.

இவளுக்கு ஒரு தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. தூக்கி வளர்த்தது, குளிப்பாட்டியது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் இவள்தான். கல்யாணம் ஆனபோது "என் தம்பியும் கூட வருவான், சம்மதம்னா சொல்லுங்க" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். டெய்லரும் நல்ல மனுஷன். மச்சானுக்கு முதல் முழுக்கால் சட்டை தைத்துக் கொடுத்தது அவர்தான்.

அந்தத் தம்பிக்குத்தான் வெளியூரில் ஒரு பெரிய லாட்ஜில் வேலை கிடைத்தது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. கேட்கவா வேண்டும்! சங்கு தெருவையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டாள். குழாயடியில், மளிகைக்கடையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், எல்லாரிடமும் "என் தம்பி ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறான்" என்று தம்பட்டம். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவாள்.

ஆனால் அந்த வேலை வெறும் பெயர்ப்பலகைதான். வேலை தருவதாகச் சொன்னவன் அவன் போய்ச் சேர்வதற்குள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். தம்பி அங்கே இங்கே அலைந்துவிட்டுத் திரும்பி இதே ஊருக்கு வந்தான். வந்தவன் வீட்டுக்கு வந்திருக்கலாம் அல்லவா? எப்படி வருவான்! அக்கா ஊரைக் கூட்டி வைத்த பெருமைக்கு நடுவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவான்? காலிக் கட்டடங்களில் படுத்துக்கொண்டு, கிடைத்த நாளில் மூட்டை தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை எடுத்து, "இங்க ஒரே கூட்டம்க்கா, ரூம் எல்லாம் ஃபுல், மூச்சு விட நேரமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இது சங்குக்குத் தெரியவந்தது குடைக்காரர் வாயால். குடை ரிப்பேர் செய்கிற மனுஷர், அவரும் காலிக் கட்டடவாசிதான். எந்தக் கட்டடத்தை அடைக்கப் போனாலும் முதல் ஆளாகக் குடைக் கம்பிகளோடு இறங்கி வந்து, "வணக்கம் சங்கு, அடுத்தது எதும்மா? முன்கூட்டியே சொன்னா நல்ல ரூமாப் பிடிச்சுக்குவேன்" என்பார். அவர் ஒருநாள், "எங்க கூட ஒரு பையன் இருக்கான். சிரிச்சா உன்னை மாதிரியே தெத்துப்பல்லு. அக்கா மாநகராட்சியில இருக்காங்கன்னு சொல்றான். எந்த அக்கான்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குறான்" என்றார்.

அவள் கையில் இருந்த டீ முழுக்கப் புடவையில் கொட்டியது. சூடுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். "நேரா போன்ல கேட்டுடு, கூட்டிட்டு வந்துடலாம்" என்றார் அவர்.

"கேட்டா போனும் நின்னுடும்ங்க. இப்ப வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் குரல் கேக்குது."

"அதுக்காக அவன் அங்க கிடக்கட்டும்கிறியா?"

"அவனா வரணும். லீவு கிடைச்சுது, வந்தேன்னு சொல்லிக்கிட்டு வரட்டும். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நீங்களும் கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பாவம், அவரும் செய்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் "லீவு போட்டுட்டு வாடா, மாமா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்பாள். "அடுத்த மாசம் பாக்கலாம்க்கா" என்பான். ஒருமுறை போனில் புறாக்கள் முனகுகிற சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரியாதா, புறா எங்கே அடையும் என்று? "என்னடா புறா சத்தம்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "லாட்ஜுக்கு முன்னாடி பெரிய தோட்டம்க்கா" என்றான். "அப்படியா, நல்லா காத்தோட்டமா இருக்கும்" என்றாள். போனை வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இப்படியும் ஒரு பொய் இரண்டு பேருக்கு நடுவில் வளரும். யார் முதலில் அதை உடைப்பது என்றுதான் தெரியாது.

அவள் குரலுக்கு எத்தனையோ பேர் எழுந்து வந்தார்கள். அவன் வரவில்லை. ஒவ்வொரு கட்டடத்திலும் மாடி ஏறும்போது இங்கே இருப்பானா, இங்கே இருப்பானா என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பாள். பின்பக்கம் யாராவது இறங்குகிற சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். கொத்தனார் பேச்சைக் கொடுத்துத் திருப்பிவிடுவார். அவருக்கும் வெல்டருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

அன்று காலை சூப்பர்வைசர் சொன்னது ஒரு பழைய லாட்ஜ். மூடி எத்தனையோ வருஷமாகிறது. பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்துதான் மிச்சம். சங்கு சந்தில் நுழையும்போதே குடைக்காரர் மூட்டையோடு எதிரே வந்தார். இந்தத் தடவை வணக்கம் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து, "மூணாவது மாடி, கடைசி ரூம். உள்ளதான் இருக்கான். சாமான் எதுவும் எடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கு அங்கேயே நின்று யோசித்தாள். வழக்கம்போலக் கூப்பிட்டால் வழக்கம்போலப் பின்பக்கமாக இறங்கிப் போய்விடுவான். இன்னொரு கட்டடம், இன்னொரு மாசம். மழைக்காலம் வேறு வருகிறது. போன ஞாயிறு போனில் இருமிக்கொண்டே இருந்தான். ஒரே ஒரு தடவை முன்வாசல் வழியாக வந்துவிட்டானானால் போதும், அப்புறம் விடமாட்டாள்.

வெல்டரிடம் போய், "இன்னைக்குப் பின்பக்க ஜன்னலை முதல்ல அடிச்சுடுப்பா" என்றாள்.

வெல்டர் கொத்தனாரைப் பார்த்தான். கொத்தனார், "வேணாம்மா. வழக்கத்தை மாத்தாதே" என்றார்.

"ஒரே ஒரு நாள். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"அட, கால் கீல்ன்னு என்ன பேச்சு!" என்று சங்கடப்பட்டுப்போன கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெல்டர் தகட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

உள்ளே வரவேற்பு மேசை இருந்தது. அதற்குப் பின்னால் சாவி மாட்டுகிற ஆணிகள், சாவி ஒன்றுகூட இல்லை. தம்பி இதில்தான் உட்கார்ந்து போன் பேசியிருப்பானோ என்று நினைத்தாள். மேசைமேல் தூசி இல்லை. யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவன்தான்.

மூன்றாவது மாடியில் கடைசி அறை. வாசலில் ரப்பர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. பத்து வருஷம் கத்திக் கத்திப் பழக்கிய பழக்கம், யாரும் இல்லாத பாழடைந்த கட்டடத்திலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறான். தரை பெருக்கியிருந்தது. போர்வை மடித்திருந்தது. ஆளும் இல்லை, பையும் இல்லை. அங்கிருந்து மேலே போகிற படியில் ஈரக் காலடி. குளிக்க வாளியில் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறான்.

மொட்டை மாடிக் கதவு அந்தப் பக்கமாகத் தாழ் போட்டிருந்தது. சங்கு கதவின்மேல் கையை வைத்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் சட்டென்று நின்றது.

அவள் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட வாயைத் திறந்தாள். வந்தது அவன் பெயர். பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை, வீட்டுப் பெயர். அம்மா வைத்து, இவள் மட்டும் இன்னும் கூப்பிடுகிற அந்தச் செல்லப் பெயர். கூப்பிட்டதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் ஒரு புறாகூட அசையவில்லை. அவன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவுக்கு இந்தப் பக்கம் இவளுக்குத் தெரிந்தது.

"நான் கீழ வாசல்ல இருக்கேன்டா" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. நான் கீழதான் இருக்கேன்."

இறங்கி வந்தாள். ஜன்னலில் தகட்டைப் பொருத்திவிட்டு வந்த வெல்டர், "ஏன்க்கா தனியா வர்றீங்க? மேல கதவு பூட்டியிருக்கா? தாழ்ப்பாளை வெட்டிடட்டுமா? ஒரு நிமிஷ வேலை" என்றான்.

"வேணாம்ப்பா. உடைச்சு இழுத்துட்டு வர்றதுக்கு அவன் என்ன திருடனா? அவனா வருவான். முன்வாசல் திறந்துதானே இருக்கு."

வாசல் படியில் உட்கார்ந்தாள். மனசு என்னவோ லேசாகிவிட்டது. தெருப் பக்கம் பார்க்காமல், உள்பக்கமாகத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். கொத்தனாரை விரட்டி இன்னொரு டீ வாங்கி வரச் சொன்னாள், ரொட்டியும் சேர்த்து. "சர்க்கரை தூக்கலா போடச் சொல்லுங்க, அவன் அப்படித்தான் குடிப்பான்" என்றாள். அவன் வந்து நின்றதும் என்ன கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். இளைச்சுட்டியேடா என்று கேட்கக் கூடாது. இங்கே எப்படி வந்தாய் என்று வாய் தவறியும் கேட்கக் கூடாது. பயணம் எப்படி இருந்துச்சு என்று மட்டும் கேட்க வேண்டும். சாயங்காலம் டெய்லர் வந்து பார்த்தால் எப்படிக் குதிப்பார் என்று நினைத்துத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டாள். எத்தனை மாசத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு!

டீ ஆற ஆரம்பித்தது. "இவ்வளவு நேரம் என்ன பண்றான்?" என்றாள்.

"மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணிக்கிறானோ என்னவோ" என்றார் கொத்தனார்.

அப்போதுதான் பின்பக்கம் அந்தச் சத்தம். ஏதோ இரும்பு இழுபடுகிற மாதிரி ஒன்று, அதற்குப் பிறகு தொப்பென்று ஒன்று. சங்கு நிமிர்ந்து பார்த்தாள்.

"காரை விழுது" என்றார் கொத்தனார். "இந்தக் கிழட்டுக் கட்டடம் எல்லாம் இப்படித்தான், நாம தும்மினாக்கூட ஒரு சுவரை உதிர்க்கும்."

"நீங்க தும்மாம இருங்க, அது பாட்டுக்கு நிக்கும்" என்றாள் சங்கு. வெல்டர்கூடச் சிரித்தான். ஐயோ, அந்த நேரத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் கொத்தனார் தன் வாயில் தானே அடித்துக்கொள்வார்.

சிரித்து முடித்த வெல்டர், தகட்டில் ஒரு மூலை பாக்கி இருக்கிறது என்று பின்பக்கம் போனான். போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தான். கையால் பின்பக்கத்தைக் காட்டினான்.

பின்சந்து முழுக்க லாட்ஜின் அழுகிய மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும். அதற்கு நடுவில், சுவரோடு பிய்ந்து வந்த தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தம்பி மல்லாந்து கிடந்தான். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான். ஈரத்தலையை வகிடெடுத்துச் சீவியிருந்தான். தோளில் குறுக்காகப் பை. கால்களில் வேலைக்குப் போவதற்கென்று டெய்லர் மாமா வாங்கித் தந்த தோல் ஷூ, வழவழவென்று அடி தேயாமல் புதிதாக இருந்தது. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்து இறங்கியிருக்கிறான்.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அவன் ஒளிந்துகொள்ளவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. வரத்தான் கிளம்பியிருக்கிறான். குளித்து, உடுத்தி, பையை மாட்டிக்கொண்டு, பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக, பஸ்ஸில் வந்து இறங்கினவன் மாதிரி அக்கா முன்னால் வந்து நிற்கத்தான். மேலிருந்து எட்டிப் பார்த்திருப்பான், ஜன்னலில் தகடு. அதனால்தான் குழாயைப் பிடித்திருக்கிறான். அதை அடிக்கச் சொன்னது யார்?

"தம்பி" என்று தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அந்தத் தெத்துப்பல் தெரிந்தது.

"அக்கா," என்றான். காற்றுதான் வந்தது. "இப்பதான்க்கா... பஸ்ஸை விட்டு இறங்கினேன்."

கொத்தனார் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினார்.

"தெரியும்டா," என்றாள் சங்கு. "பாத்துட்டேன். பயணம் எப்படி இருந்துச்சு?"

"உக்கார... இடம் கிடைச்சுது."

"ஜன்னல் ஓரமா?"

ஆமாம் என்று கண்ணால் சொன்னான். "லீவு... குடுத்துட்டாங்க."

"குடுக்காம என்ன, நீ இல்லாட்டி அவங்களுக்கு ஓடாதேன்னு மாமா சொல்லிக்கிட்டே இருப்பாரு. வழியில ஏதாச்சும் சாப்பிட்டியா? பேசாதே, பேசாதே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். டீ வாங்கி வச்சிருக்கேன் உனக்கு."

"மாமா..." என்றான். அதற்கு மேல் அந்த வாக்கியம் வரவில்லை. ஆம்புலன்ஸில் அவள் அவன் சட்டைக் கைப்பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோகச் சொல்லாமல் அப்படியே நின்றார். அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நீண்ட நடைபாதை, ஓரத்தில் ஒரு பெஞ்சு, அதற்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி மூடிய ஸ்ட்ரெச்சர். சங்கு அழவில்லை. வெல்டர்தான் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பிக்கொண்டிருந்தான். "நான்தான்க்கா அடிச்சேன் அந்தத் தகட்டை" என்றான். "நான் சொன்னேன், நீ அடிச்சே. நீ என்னப்பா பண்ணுவே" என்று அவனுக்கு இவள் சமாதானம் சொன்னாள். அந்தக் குரலா இது என்று கொத்தனார் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். "அந்தக் காலி லாட்ஜுல அத்துமீறித் தங்கியிருந்தவரா இவரு?"

வெல்டர் அழுகையை நிறுத்தினான். சங்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லீங்க. என் தம்பி அவன். வெளியூர்ல பெரிய லாட்ஜ்ல வேலை. லீவு கிடைச்சு இன்னைக்குக் காலையில பஸ்ல வந்து இறங்கினான். நான் அங்க வேலையில இருக்கேன்னு தெரிஞ்சு நேரா என்னைப் பாக்க வந்தான். வழி தெரியாம பின்னால போயிட்டான். பழைய குழாய், மேல விழுந்துடுச்சு."

போலீஸ்காரர் கொத்தனாரைப் பார்த்தார். அந்த மனுஷர் வாழ்நாளில் விளையாட்டுப் பேச்சைத் தவிர ஒரு பொய் சொன்னதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார். "நான்தான் பாத்தேன். தோள்ல பையோட, தெருமுனையில இருந்து நடந்து வந்தாரு. அக்கா எங்கன்னு கேட்டாரு. நான்தான் அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்." சொல்லச் சொல்ல அவருக்கே அப்படி நடந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசி வார்த்தையில் உடைந்துபோய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போலீஸ்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நம்பினாரோ இல்லையோ, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"வீட்டுக்குச் சொல்லிடும்மா" என்றார் கொத்தனார். "அவரு வரட்டும். நீ தனியா இதைத் தாங்க முடியாது."

சங்கு போனை எடுத்தாள். டெய்லர் மெஷினை நிறுத்தாமலே "என்னம்மா?" என்றார். அவள் எப்படிச் சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று தேடினாள். இவ்வளவு மாசமும் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட மாட்டோமா என்று தவித்த நாக்குக்கு வேறு எதுவும் வரவில்லை.

"தம்பி வந்துட்டான்ங்க" என்றாள்.

மெஷின் நின்றது. "என்னது! வந்துட்டானா? எப்ப?" என்று அந்த மனுஷர் கூவினார். நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கடைக்காரரிடம், "என் மச்சான் வந்துட்டான்யா, வெளியூர்ல இருந்து!" என்று அவர் சொல்வது கேட்டது. "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீ பயப்படாதே. எத்தனை நாள் லீவாம்? இரு, இரு, நீ சொல்லாதே. போனை அவன்கிட்ட குடு. நானே பேசுறேன். குடும்மா அவன்கிட்ட."

சங்கு போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "குடேன்" என்று அவர் மறுபடியும் சொன்னார். அவள் எழுந்து, அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் போய், போனைத் தம்பியின் காதருகே வைத்துப் பிடித்துக்கொண்டாள்.